நெல் காத்திருந்த இடங்கள்: காவிரிப் படுகையிலிருந்து சோற்றுத் தட்டு வரை

உணவு வயலிலிருந்து தட்டுக்கு வந்த கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பயணத்தையே எழுதுகிறார்கள். எந்த வண்டியில் ஏறியது, எத்தனை தரகர் கை மாறியது, விலை எங்கே கூடியது என்று கணக்குப் பார்க்கிறார்கள். நான் இங்கே பார்க்க விரும்புவது பயணத்தை அல்ல, தங்கலை. நெல் ஆண்டுக்கு ஒரு போகமோ இரண்டு போகமோ விளைகிறது. வயிறு தினமும் கேட்கிறது. நடுவில் உள்ள மாதங்களில் தானியம் எங்கேயாவது காத்திருந்தே ஆகவேண்டும். அந்த இடம் யாருடையது? காத்திருக்கும்போது எலியும் ஈரமும் விலைச்சரிவும் கொண்டுவரும் நட்டம் யார் தலையில் விழுந்தது? காவிரிப் படுகையின் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளை இந்தக் கேள்வியோடு படித்தால் ஒரு வரிசை தெரிகிறது. நெல் முதலில் மிராசுதாரர் வீட்டிலும் கோயிலிலும் காத்திருந்தது, பிறகு வணிகர் மண்டியில், அதன்பின் அரசுக் கிடங்கில். ஒவ்வொரு மாற்றத்தை ஒட்டியும் ஒரு பஞ்சமோ கடும் தட்டுப்பாடோ நின்றிருக்கிறது. கடைசி மாற்றம் மட்டும் வேறு மாதிரியானது. அது விளைச்சல் பெருகியதால் வந்தது.

கொட்டாரமும் பத்தாயமும்

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் ஒன்று இன்றும் இருக்கிறது. வட்டச் சுவர், கூம்பிக் குவிந்த உச்சி. மழை நீர் ஒரு சொட்டும் தங்காது. திருவரங்கத்திலும் வட்டக் கொட்டாரங்கள் உண்டு. கோயில் நிலங்களின் நெல் அங்கே அளந்து கொட்டப்பட்டது. பணியாளர்களின் படிக்கட்டளையும் அங்கிருந்தே அளந்து கொடுக்கப்பட்டது. நிலக்காரர் வீடுகளில் மரப் பத்தாயம் இருந்தது. சற்றுச் சிறிய வீட்டில் மண்ணால் வனைந்த குதிர். பத்தாயம் கொள்ளாத நெல்லுக்கு வாசலில் வைக்கோல் புரி சுற்றிச் சேர் கட்டினார்கள்.

இவை எல்லாவற்றிலும் இருந்தது நெல், அரிசி அல்ல. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உமி இருக்கும்வரை தானியத்துக்குக் கவசம் உண்டு. உமி நீங்கிய அரிசியில் வண்டு சீக்கிரம் விழும். அதனால் வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்து, ஊறவைத்து, அவித்து, களத்தில் உலர்த்தி, உரலில் குத்தினார்கள். வயலுக்கும் தட்டுக்கும் இடைப்பட்ட தொலைவு சில நூறு அடிதான். அதைக் கடக்கும் வேலை முழுவதும் பெண்களின் தோளில் இருந்தது.

ஆனால் இந்தப் படத்தில் பாதிப் பேர் இல்லை. பண்ணையாளுக்கு ஏது பத்தாயம்? கூலி நெல்லாகவே அளக்கப்பட்டது. அறுவடை நாட்களில் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். மற்ற மாதங்களில் அன்றைக்குக் கிடைத்தது அன்றைக்கே குத்திக் கஞ்சியாகும். 1950களின் தொடக்கத்தில் தஞ்சைக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் கேத்லீன் கஃப், நிலமும் சாதியும் இந்த அளவையை எப்படி ஆண்டன என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். விளைவித்தவர்களிடம் காத்திருக்க வைக்கும் அளவுக்குத் தானியம் இருந்ததே இல்லை. பழைய ஏற்பாட்டைத் தன்னிறைவு என்று புகழ்வோர் இதைக் கடந்துபோவது எனக்கு ஒப்பவில்லை.

கடற்கரையில் குவிந்த மூட்டைகள்

1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் பாதை திறந்தது. மறு ஆண்டு அது திருச்சிராப்பள்ளியை எட்டியது. வேறிடத்தில் விலை கூடுதல் என்றால் நெல்லை அங்கே கொண்டுபோக வழி பிறந்தது. படுகை நெல் கடல் தாண்டி இலங்கைக்கும் போய்க்கொண்டிருந்தது. பத்தாயத்தில் வைப்பதைவிட மண்டியில் விற்பது லாபம் என்று ஆனபோது, காத்திருக்கும் நெல் மெல்ல மெல்ல வணிகர் கைக்கு வந்தது. கிறிஸ்டோபர் பேக்கர் 1880 முதல் 1955 வரையிலான தமிழக நாட்டுப்புறப் பொருளாதாரத்தை ஆராய்ந்த நூலில் ஆற்றுப் படுகை, ஏரிப் பாசன மேட்டுநிலம், கொங்குச் சமவெளி என்று நிலப்பகுதிகளைப் பிரித்துக் காட்டுவது இங்கே உதவும். படுகைக்கு விற்க நெல் இருந்தது. மேட்டுநிலத்துக்கு வாங்க வேண்டிய தேவை இருந்தது. கையில் காசு எப்போதும் இருந்ததில்லை.

1876-இல் மழை பொய்த்தபோது இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை ஆனது. சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேர் மடிந்தனர். தானியம் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. கப்பலில் வந்திறங்கிய மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் குவிந்துகிடந்தன. ரயில் அவற்றை உள்நாட்டுக்கு இழுக்கும் வேகம் போதவில்லை. போய்ச் சேர்ந்த இடத்திலும் விலை கொடுத்து வாங்க ஆளில்லை. வில்லியம் டிக்பி 1878-இல் வெளியிட்ட பஞ்ச வரலாறு இதற்கு முதன்மைச் சான்று. நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவருக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று இந்திய அரசு அனுப்பிய பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதாடினார். கடும் உடலுழைப்புக்கு அந்த அளவு ஈடாகாது என்பதே அவர் வாதம். பின்னர் கூலி உயர்த்தப்பட்டது. ஆளுநர் பக்கிங்ஹாம் பெயரைத் தாங்கிய கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சத்தில் பசியோடு வந்தவர்கள் வெட்டியது.

1880-இன் பஞ்ச ஆணையமும் அதைத் தொடர்ந்த பஞ்சச் சட்டத் தொகுப்பும் அரசின் கடமையை வரையறுத்தன: வேலை கொடு, கூலி கொடு, தானிய வணிகத்தில் கைவைக்காதே. கிடங்கு வணிகருடையதாகவே இருக்கட்டும் என்பது இதன் பொருள். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்த நம்பிக்கை நீடித்தது. நீடித்ததற்குக் காரணம் வங்காள விரிகுடாவுக்கு அப்பால் இருந்தது.

ரங்கூன் அரிசி

இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே மிக அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. ஆண்டுக்கு ஏறக்குறைய முப்பது லட்சம் டன். ஐராவதிப் படுகையின் சதுப்பும் காடும் வயலானதில் செட்டிநாட்டு நகரத்தார் கொடுத்த கடனுக்குப் பெரும் பங்கு உண்டு. 1930இன் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போகவே, அந்தப் பத்தாண்டின் இறுதியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் அவர்கள் பெயருக்கு வந்துவிட்டது. அந்த நிலத்தில் விளைந்த அரிசி சென்னையிலும் மலபாரிலும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலும் உலைக்கு வந்தது. விலை மலிவு. தஞ்சை மிராசுதாரர்கள் பாதுகாப்பு வரி கேட்கும் அளவுக்கு மலிவு. 1935-இல் வெளிநாட்டு நொய் அரிசிக்கு வரி போடப்பட்டது.

இதே காலத்தில் தானியத்தின் உருவமும் மாறியது. ஆவி இயந்திர ஆலைகள் உரலை ஓரங்கட்டின. தீட்டிய வெள்ளை அரிசி நாகரிகமானது. தவிட்டோடு போனது என்ன என்பது குன்னூர் ஆய்வுக்கூடத்தில் தெரிந்தது. ராபர்ட் மக்காரிசனும் அவருக்குப் பின் 1935-இல் இயக்குநரான அய்க்ராய்டும் அரிசியின் சத்தை ஆராய்ந்தார்கள். பச்சரிசியைத் தீட்டி உண்ட வடசர்க்கார் கடற்கரையில் பெரிபெரி நோய் கண்டது. புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெருமளவு தப்பின. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 உயிர்ச்சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. தலைமுறை தலைமுறையாக அண்டாவில் நெல் அவித்த பெண்கள் காப்பாற்றிவந்தது எதை என்று ஆய்வகம் அப்போதுதான் சொன்னது. ஜே.சி. குமரப்பாவின் கிராமக் கைத்தொழில் சங்கம் கைக்குத்தல் அரிசிக்காகப் போராடியதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர் பேசியது சத்தைப் பற்றி மட்டுமல்ல, உரலடியில் போன வேலையைப் பற்றியும்.

1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். கப்பல் நின்றது. நகரத்தார் நிலமும் அரிசியும் ஒரே அடியில் எட்டாமல் போயின. அடுத்த ஆண்டு வங்கம் பஞ்சத்தில் விழுந்தது. கிரெகரி தலைமையிலான உணவுதானியக் கொள்கைக் குழு 1943-இல் நகரங்களுக்குப் பங்கீடும் உபரிப் பகுதிகளில் அரசுக் கொள்முதலும் தேவை என்று பரிந்துரைத்தது. 1880-இன் பாடம் தலைகீழாகத் திரும்பியது.

பங்கீட்டுக் கடைக்கு முன் ஒரு கடை

ரேஷன் கடை வானத்திலிருந்து குதிக்கவில்லை. 1904-இல் திருவல்லிக்கேணியில் சில நடுத்தர வகுப்பினர் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, அரிசியும் மளிகையும் மொத்தமாக வாங்கி உறுப்பினர்களுக்குச் சரியான எடையில் கொடுத்தார்கள். போர்க்காலப் பங்கீடு வந்தபோது கூட்டுறவுப் பண்டகசாலைகள் அதற்குத் தயாரான கைகளாக இருந்தன. தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுவதன் வேர் இங்கே இருக்கிறது. மற்ற பல மாநிலங்களில் தனியார் உரிமதாரர்களிடம் கடை போனது. பங்கீட்டில் ஏற்பட்ட ஒழுக்கின் அளவில் மாநிலங்களுக்கிடையே இருக்கும் வேறுபாட்டை விளக்க இந்த ஒரு உண்மை பெரிதும் உதவும் என்பது என் துணிபு.

கட்டாயக் கொள்முதலை உழவர்கள் வெறுத்தார்கள். அளவு குறைந்த பங்கீட்டை நகரவாசிகள் வெறுத்தார்கள். 1952 ஜூனில் முதலமைச்சர் ராஜாஜி கட்டுப்பாட்டை நீக்கினார். விளைச்சல் கைகொடுத்ததால் விலை தாங்கியது, மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் நெல் மறுபடியும் மண்டிக்குப் போனது. 1957-இல் நான்கு தென் மாநிலங்கள் ஒரே அரிசி மண்டலமாயின. 1964-இல் அது தனித்தனி மாநில மண்டலங்களாக உடைந்தது. ஆந்திர அரிசி வருவதற்கு எல்லையில் தடை வந்தது. விலை ஏறியது, கடைகளில் வரிசை நீண்டது. 1967 தேர்தலில் அந்த வரிசைக்கும் ஒரு வாக்கு இருந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலக்கு, ஒரு படி உறுதி என்று சொல்லி ஆட்சிக்கு வந்த அண்ணா, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுத்தார். கருவூலம் தாங்கவில்லை, மாநிலம் முழுக்கப் பரவவில்லை. ஆனாலும் அரிசி விலை அரசு சொன்ன சொல் என்ற எண்ணம் அதற்குப் பின் இங்கே அழிந்ததே இல்லை.

கார்காலத்தில் விழுந்த அறுவடை

கடைசி மாற்றத்துக்கு வருகிறேன். மூலச் சான்றுகள் இருந்தும் அதிகம் பேசப்படாத பகுதி இது.

படுகையின் பழைய முதன்மைப் பயிர் சம்பா. ஆறு மாதப் பயிர். தையில் அறுவடை, மழை ஓய்ந்த வானம், காய்ந்த களம். தை மாத நெல் தானாகவே உலரும். 1934-இல் மேட்டூர் அணை வந்து ஜூனில் நீர் உறுதியானதும் குறுவைப் பரப்பு விரிந்தது. 1960-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தஞ்சாவூர் தேர்வானது. அடுத்த சில ஆண்டுகளில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஜப்பானிய நோரின் ரகத்தையும் நம்மூர் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டி உருவாக்கிய ஏ.டி.டி. 27 வந்தது. குறுகிய காலப் பயிர், உரம் ஏற்கும், விளைச்சல் கூடுதல். குறுவைக்கென்றே பிறந்த ரகம். அதன்பின் ஐ.ஆர். ரகங்கள் வந்தன.

எல்லாம் நல்லதுதான். ஆனால் ஜூனில் விட்ட குறுவை அறுவடைக்கு வருவது புரட்டாசி, ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை கதவைத் தட்டும் நேரம். ஏ.டி.டி. 27-க்கு விதை உறக்கம் குறைவு, கதிரிலேயே முளைவிடும். ஒரு மாவட்டமே தன் நெல்லில் பெரும்பகுதியை ஈரத்தோடு அறுக்கத் தொடங்கியது. களம் காயாது, பத்தாயத்தில் ஈர நெல்லை வைக்க முடியாது. காத்திருப்பு என்ற சொல்லுக்கே பொருள் மாறிவிட்டது. முன்பு மாதக் கணக்கு, இனி மணிக் கணக்கு.

அரசு இதை அறியாமல் இல்லை. திருவாரூரில் நவீன அரிசி ஆலை அமைந்தது. 1967-இல் அங்கேயே நெல் பதனிடும் ஆய்வுக்கூடம் தொடங்கியது. ஈர நெல்லை என்ன செய்வது என்பதே அதன் ஆரம்பக் கேள்விகளில் ஒன்று. பின்னர் அது தஞ்சாவூருக்கு நகர்ந்து தேசிய நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. 1965 ஜனவரி 14-இல் இந்திய உணவுக் கழகம் தொடங்கியபோது அதன் தலைமையகம் சென்னையில் இருந்தது, முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறந்தது. நாட்டின் தானியக் கிடங்கு வரலாறு பொங்கல் நாளன்று காவிரிக் கரையில் தொடங்கியது என்று இதைச் சொல்லலாம்.

விளைச்சல் கூடியதும் கூலி என்னாயிற்று என்ற கேள்வி எழுந்தது. வயலில் நெல் பெருகும்போது அளவைப் படியில் மட்டும் ஏன் பெருகக்கூடாது? விவசாயத் தொழிலாளர்களின் அந்தக் கூலிப் போராட்டம் நிலக்காரர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்தோடு மோதிய பின்னணியில்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். மறு ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. பசுமைப் புரட்சியின் விளைச்சல் வரைபடத்தைப் போடும் எந்தக் கட்டுரையும் இந்தத் தேதியை அதே பக்கத்தில் போட வேண்டும்.

கழகத்தின் சாக்கு

1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் உருவானது. ஊர்தோறும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் வந்தன. எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து வட ஆர்க்காட்டில் நெல் வணிகத்தை ஆய்ந்த பார்பரா ஹாரிஸ், ஆலை, கடன், வணிகம் மூன்றும் ஒரே கைகளில் பின்னிக் கிடந்ததைக் காட்டியிருக்கிறார். முன்பணம் வாங்கியவர் அந்த மண்டிக்கே நெல்லைப் போட வேண்டும். கொள்முதல் நிலையத்தின் அருமை இங்கேதான் புரியும். உழவருக்கு இன்னொரு வாசல் திறந்தது.

அரிசியை வழங்கும் பக்கத்தில் மாநிலம் எடுத்த முடிவு இன்னும் பெரிது. 1997-இல் மத்திய அரசு பங்கீட்டை வறுமைக்கோட்டால் இரண்டாகப் பிரித்தபோது தமிழ்நாடு ஒப்பவில்லை. அட்டை உள்ள யாரும் அரிசி வாங்கலாம் என்றே வைத்துக்கொண்டது. 2006-இல் கிலோ 2 ரூபாய், 2008-இல் 1 ரூபாய், 2011 ஜூன் முதல் விலையில்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில்தான் சேர்ந்தது, அப்போதும் எல்லோருக்கும் என்பதை விடாமல். 1982-இல் விரிந்த சத்துணவுத் திட்டத்தின் அரிசியும் இதே கிடங்கிலிருந்தே போகிறது. ரேஷன் புழுங்கலை இட்லி மாவுக்கு எடுத்துக்கொண்டு சோற்றுக்குப் பொன்னி வாங்கும் வீடுகள் நிறைய. இதை வீண் என்று குறை சொல்வோர் உண்டு. கடை எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால்தான் எடை குறைந்தால் கேட்க ஆள் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

ஒரு நெல்மணியின் இன்றைய வழி இப்படி: வயலில் சங்கிலி வண்டி அறுக்கிறது. டிராக்டரில் கொள்முதல் நிலையம். தூற்றி, 40 கிலோ சிப்பமாகச் சாக்கில் பிடித்து, பட்டியல் எழுத்தர் பதிவு செய்கிறார். லாரியில் திறந்தவெளிச் சேமிப்பு மையம் அல்லது கிடங்கு. நீடாமங்கலம், மன்னார்குடி, தஞ்சாவூர் நிலையங்களிலிருந்து சரக்கு ரயிலில் வேறு மாவட்டத்துக்கு அரவைக்குப் போவதும் உண்டு. அரவை முகவர் நூறு கிலோ நெல்லுக்கு 68 கிலோ புழுங்கலரிசி திருப்பித் தர வேண்டும். பிறகு மீண்டும் கிடங்கு, வட்டக் கிடங்கு, 30,000-க்கும் மேற்பட்ட கடைகளில் ஒன்று, துணிப்பை. அண்மை ஆண்டுகளில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசிமணிகளும் இதில் கலக்கப்பட்டு வந்திருக்கின்றன. குன்னூர்க் காலத்தில் தீட்டுவதை அளவாக்குவது, அவிப்பது என்று தேடிய விடையை இப்போது தொழிற்சாலையில் தேடுகிறோம்.

நெடிய இந்த வழியில் அரசு தன் கூரைக்குள் எடுத்துக்கொள்ளாத ஒரே கட்டம் முதல் கட்டம். கையால் அறுத்த காலத்தில் ஓர் ஊரின் அறுவடை வாரக் கணக்கில் நடந்தது. அரிக்கட்டு வயலில் கிடந்து பாதி உலர்ந்தது. இயந்திரம் அதை ஓரிரு நாளில் முடித்து, ஈர நெல்லை ஒரே நேரத்தில் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிடுகிறது. விதியோ ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது. உலர்த்தும் இயந்திரம் எல்லா நிலையங்களிலும் கிடையாது. ஆகவே தார்ச்சாலையே களமாகிறது. பேருந்து ஒதுங்கிப் போக, பாதிச் சாலையில் நெல் விரிந்திருக்கும். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, முந்தைய மூட்டைகள் நகரவில்லை என்று நாள் தள்ளிப்போகும்போது மேகம் திரள்கிறது. குவியலின் மேல் தார்ப்பாயும் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலும் கிடக்கும்.

மழை மிஞ்சிய ஆண்டுகளில் மாநில அரசு தளர்வு கேட்டுக் கடிதம் எழுதுகிறது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுக்கிறது. 2022-இல் 19 விழுக்காடு வரை வாங்க அனுமதி வந்தது. குழு கிளம்பி, ஆய்வகம் அளந்து, ஆணை வருவதற்குள் குவியலின் அடியில் வெள்ளை முளை நீண்டுவிடுகிறது. விளைந்த நாளுக்கும் வாங்கும் நாளுக்கும் இடைப்பட்ட அந்தச் சில நாட்களுக்குத் திருப்பாலைத்துறையில் இருப்பதுபோல் ஒரு கூரை இன்னும் கட்டப்படவில்லை.